'தூங்குனீங்களா?' என்று கேட்டவர்களுக்கு

அன்புடையீர்,

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில், முதல் இரண்டு அலைகளின்போதும் செவிலியராகப் பணியாற்றினேன். அந்நாட்களில் என்னைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு இவ்வளவு தாமதமாக நன்றி எழுதக் காரணம், நான் தளர்ந்து போயிருந்ததை ஒப்புக்கொள்ளவே எனக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதுதான்.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே எங்களுக்காகக் கைதட்டியது. ஏப்ரல் 19 அன்று, தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களை இதே நகரில் ஒரு கும்பல் தாக்கி விரட்டியது. அவருடைய சக மருத்துவர் பிரதீப்பே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட நேர்ந்தது. அன்றோடு எனக்கு உறக்கம் போயிற்று. மனநல ஆலோசனை கேட்டால் பணிப்பதிவேட்டில் ஏறிவிடுமோ என்ற அச்சத்தில் வீட்டாரிடம்கூட நான் வாய் திறக்கவில்லை.

தனிமைப்படுத்தலுக்கென ஒதுக்கிய விடுதி அறையிலிருந்து ஓர் இரவு 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்தபோது பேசிய ஆலோசகர் அவர்களே, நீங்கள் என்னைப் போர்வீரர் என்றோ தெய்வம் என்றோ சொல்லவில்லை. (அந்தப் பட்டங்களைச் சூட்டிக்கொண்டவர் அழக்கூட முடியாது என்பது சூட்டியவர்களுக்குத் தெரியாது.) "சாப்பிட்டீங்களா? கடைசியா எப்போ தூங்குனீங்க?" என்றுதான் கேட்டீர்கள். நான் அழுது முடிக்கும் வரை இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தீர்கள்.

எங்கள் தலைமைச் செவிலியர் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதைவிட அதிகம். கவச உடை அணிந்தால் யார் யாரென்று தெரியாது என்பதால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வோம். அதை நீங்களே எழுதி, பெயருக்குக் கீழே ஒரு சரிக்குறியும் போடுவீர்கள். அவர் சாப்பிட்டுவிட்டார் என்று அதற்குப் பொருள். குறி இல்லாதவரை வார்டுக்குள் விடமாட்டீர்கள். 2021 மே மாதம், மருத்துவமனை வாசல்களில் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு வரிசையில் நின்றபோதும், ஒரே பணிநேரத்தில் நான்கு பேரை இழந்த நாளிலும் அந்தக் குறி தவறவில்லை. அன்று இளம் செவிலியர் ஒருவர் கையுறையைக் கழற்ற இயலாமல் நடுங்கி நின்றபோது, "உன்னாலதான் போச்சுன்னு நினைக்காத, அவங்க வரும்போதே நுரையீரல் போயிருச்சு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னதை நானும் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொன்னபோது என் மகளைத் தம் பிள்ளையோடு பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட மாடிவீட்டு அக்காவுக்கும் என் வணக்கம்.

கடைசியாக, இரவுப் பணியில் எங்களோடு இருந்த தூய்மைப் பணியாளர் அண்ணனுக்கு. இறந்தவர்களை உறையில் இடும்போது எங்களை அப்பால் போகச் சொல்லிவிட்டு, பெரும்பாலும் நீங்களே முன்னின்றீர்கள். உங்களிடம் 'தூங்குனீங்களா அண்ணே' என்று நாங்கள் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. முகக்கவசம் இல்லாமல் உங்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எதிரே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. எங்கேனும் என்னைக் கண்டால், தயவுசெய்து நீங்களே கூப்பிட்டுவிடுங்கள். குரலை வைத்து அறிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஒரு செவிலியர்