பந்தய நாளில் போடிமெட்டு சாவடியில் தோட்டப் பெண்களின் ஜீப்புகளை மறிக்காதிருக்கக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
போடி – பூப்பாறை தடத்தில் தொழிலாளர் ஜீப் ஓட்டுபவர்கள், அந்த வண்டிகளில் வரும் ஏலத்தோட்டப் பெண்கள் ஆகியோர் சார்பாக ஓர் ஓட்டுநர்,
பூப்பாறை.

பெறுநர்:
உயர்திரு இடுக்கி மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: பல நாள் சாலை சைக்கிள் பந்தயம் – போடிமெட்டில் சாலை மூடல் – பெண் தொழிலாளர்களின் ஜீப்புகளை அனுமதிக்கவும், கழிப்பறை வசதி செய்து தரவும், ட்ரோனைத் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஆண்டு கார்த்திகையில் நம் மலைப்பாதையில் நடந்த சைக்கிள் பந்தயத்தின்போது எங்களுக்கு நேர்ந்ததைக் குறித்து மூன்று முறை தங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். முதல் மனுவுக்குக் கைபேசியில் ஒரு கோப்பு எண் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. மூன்றாவதை ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு நேரில் கொண்டுவந்து கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது அதே பந்தயம் அதே வழியில் இந்த ஆண்டும் வருவதாகப் பூப்பாறை கடைவீதியில் பேனர் கட்டிவிட்ட நிலையில், இந்த நான்காவது மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, எல்லையிலுள்ள போடிமெட்டு சோதனைச் சாவடிக்கு வருகிற தேசிய நெடுஞ்சாலை 85ஐப் பற்றித் தாங்கள் அறியாத எதையும் நாங்கள் சொல்லிவிடப் போவதில்லை. போடி, சில்லமரத்துப்பட்டி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு இருட்டு விலகும் முன்பே ஒன்றன்பின் ஒன்றாக அந்த வளைவுகளில் ஏறிவரும் ஜீப்புகளையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள். (ஒரு வண்டியில் எத்தனை பேர் என்று இங்கே எழுதினால் அதற்கென்று தனி வழக்கு வரும் என்பதால் எழுதவில்லை.) பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் ஏலக்காய் எடுப்பதும் களை எடுப்பதும் அந்தப் பெண்கள்தாம். காலையில் தமிழ்நாட்டில் சோறு வடித்து, பகலெல்லாம் கேரளத்தில் வேலை பார்த்து, மாலையில் மறுபடி இறங்கி வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்கள் அவர்கள். எல்லைக்கோடு அவர்களுக்கு ஒரு தடுப்புக் கம்பி மட்டும்தான்.

பந்தயத்தை நடத்தக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. என் ஜீப் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வளைவுகளை ஒருவன் தன் காலின் பலத்தால் மட்டும் ஏறி வருகிறான் என்றால் அவனைக் கும்பிடத்தான் தோன்றுகிறது. என் மகன் சாலையோரத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினான், நானும் கைதட்டினேன். எங்கள் வருத்தம் கீழே கண்டவை குறித்து மட்டுமே.

1. அறிவிப்பில் சாலை மூடப்படும் நேரம் காலை 10 மணி முதல் 12 மணி வரை என்று இருந்தது. சாவடியில் தடுப்புக் கம்பி விழுந்ததோ 7.10 மணிக்கு. பூப்பாறையில் முடிவுக்கோட்டு அலங்கார வளைவு நிறுத்துகிறார்கள், கிரேன் குறுக்கே நிற்கிறது என்று காரணம் சொன்னார்கள். கீழே முந்தலிலும் மூடிவிட்டதால் திரும்பி இறங்கவும் வழியில்லை. கம்பி எழுந்தது 12.40க்கு. மேலே போகவும் முடியாமல் கீழே வரவும் முடியாமல் ஐந்தரை மணி நேரம் நின்றோம்.

2. அன்றைய கூலி போயிற்று. ஒரு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் யாரும் பேர் போட மாட்டார்கள். காய் எடுக்கும் முறை தவறினால் பழுத்த காய் வெடித்து வீணாகும் என்று தோட்டக்காரர்களும் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்தையும் பெண்கள்தான் கேட்க வேண்டியிருந்தது.

3. இந்த மனுவே இதற்காகத்தான். முதலிரண்டும் எங்களுக்குப் பழகிய நஷ்டங்கள். மழையாலும் மண்சரிவாலும் கூலி போகாத ஆண்டே இந்த மலையில் கிடையாது. ஆனால் ஐந்தரை மணி நேரம் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தவித்ததை எங்களால் இன்னும் விழுங்க முடியவில்லை. அங்கிருந்த கழிப்பறையைப் பந்தய ஏற்பாட்டாளர்கள் எடுத்துக்கொண்டு, கழுத்தில் அட்டை மாட்டியவர்களுக்கு மட்டும் என்று கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அது புரியாமல் வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் தங்கள் முறை வந்தபோது திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

மற்ற நாளாக இருந்தால் சாலையோரச் சரிவில் பத்தடி இறங்கினால் புதர் மறைவு உண்டு. அது நல்ல ஏற்பாடு என்று சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளாக அதுதான் ஏற்பாடு. அன்று அதுவும் இல்லை, ஏனென்றால் தலைக்கு மேலே ட்ரோன். கீழே உள்ள வளைவுகளைப் படம் பிடிப்பதற்காக அது வண்டுபோல இரைந்துகொண்டு சரிவின் மேலேயே வட்டமடித்தது. பந்தயத்தை நேரலையில் உலகமே பார்க்கிறது என்று ஒலிபெருக்கியில் நிமிடத்துக்கு ஒருமுறை வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே எந்தப் பெண் புதருக்குள் போவாள், ஐயா?

என் வண்டியில் முன்சீட்டில் வழக்கமாக உட்காரும் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எட்டு மணிக்கு ஒருமுறை இறங்கினார், வானத்தைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்துகொண்டார். ஒன்பது மணிக்கு மறுபடியும் அப்படியே. பக்கத்தில் இருந்தவர் தூக்குவாளி மூடியில் ஊற்றிக் கொடுத்த காப்பியை வாங்கி, குடிக்காமல் வெளியே கொட்டினார். பத்து மணிக்கு மேல் பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, ஜீப்பின் பின்பக்கம் மழைக்குக் கட்டும் நீலத் தார்ப்பாயை அவிழ்த்துத் தரச் சொன்னார்கள். நான்தான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். நான்கு பேர் நான்கு மூலையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒவ்வொருவராக அதன் அடியில் போய் வந்தார்கள். பிடித்தவர்களின் கை கடுத்தபோது வேறு வண்டிப் பெண்கள் வந்து மூலைகளை வாங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர்கள் நாங்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் அந்தப் பக்கம் வராதபடி சாலையோரம் வரிசையாக நின்றோம்.

அந்த நேரத்தில்தான் ட்ரோன் கீழே இறங்கி வந்தது. சரிவில் நீலமாக என்ன என்று பார்க்க வந்ததோ, வேறு எதற்காக வந்ததோ, ஓட்டியவருக்குத்தான் தெரியும். தார்ப்பாய் காற்றில் ஒரு பக்கம் தூக்கியது. அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்து, “டிவியில வந்துருமாப்பா?” என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் படம் எடுக்கப்பட்டதா, யாரிடம் இருக்கிறது, அழித்துவிட்டார்களா என்று முதல் மனுவிலேயே கேட்டோம். இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் நீர்க்கடுப்பு என்று மூன்று பேர் வேலைக்கு வரவில்லை. அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

4. மாற்றுப் பாதை கம்பம்மெட்டு வழி என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். போடியிலிருந்து கம்பம் போய், கம்பம்மெட்டு ஏறி, நெடுங்கண்டம் சுற்றிப் பூப்பாறைக்கு வருவதை வரைபடத்தில் விரலால் காட்டுவது எளிது, வண்டியில் சுற்றி வந்து வேலை நேரத்துக்குச் சேருவது எளிதல்ல.

5. இப்படிப்பட்ட பந்தயங்கள் வெளிநாட்டில் எப்படி நடக்கின்றன என்பதை என் மகன் சொல்லித் தெரிந்துகொண்டேன். 1903இல் தொடங்கி இன்றும் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், வீரர்கள் எந்த ஊரை எப்போது கடப்பார்கள் என்பதை மூன்று சராசரி வேகங்களுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, அட்டவணையாக முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். முன்னால் போகும் வண்டி சாலையை மூட, பின்னால் வரும் கடைசி வண்டி திறந்துவிட்டுக்கொண்டே போகும் முறையும் இத்தகைய பந்தயங்களில் உண்டு. தளர்ந்துபோனவர்களை ஏற்றிக்கொள்ளும் துடைப்ப வண்டி 1910ஆம் ஆண்டிலிருந்தே அங்கு வருகிறது. பந்தயத்தின் வால் எது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரிய மலையேற்றங்களில் அங்கும் வெகுநேரம் மூடுகிறார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் மூடும் நேரத்தைச் சொல்லிவிட்டு மூடுகிறார்கள். பத்து மணி என்று எழுதிவிட்டு ஏழு பத்துக்குக் கம்பியைப் போட்டதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

பந்தயத்தை ஒரு நிமிடம்கூட மாற்ற முடியாது என்று அன்று சாவடியில் எங்களிடம் சொன்னார்கள். ஆனால் 2019 ஜூலையில் அந்த டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின்போது ஆல்ப்ஸ் மலையில் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை அடைத்தபோது, அன்றைய பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, 2,770 மீட்டர் உயரத்து இசரான் கணவாயில் எடுத்த நேரத்தையே முடிவாக வைத்துக்கொண்டார்கள். முதலிடத்து மஞ்சள் சட்டையே அன்று கைமாறியது, பந்தயம் கெட்டுப்போகவில்லை. 2025 ஜூலையில் அதே பந்தயத்தின் 19ஆம் கட்டம் போக வேண்டிய வழியிலிருந்த ஒரு மலைப்பகுதியில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் கண்டது. மாடுகளை இழந்த விவசாயிகளின் வேதனையையும் கருதி, ஏறக்குறைய 130 கிலோமீட்டராக இருந்த பாதையை நூறுக்கும் கீழாகக் குறைத்து, அந்த மலையைத் தொடாமலே போனார்கள். உலகத்திலேயே பெரிய பந்தயம் மாட்டுக்காகப் பாதையை மாற்றிக்கொண்டது, ஐயா. நாங்கள் பாதையை மாற்றக்கூடக் கேட்கவில்லை. ஒரு கழிப்பறையின் பூட்டைத் திறக்கக் கேட்கிறோம்.

அதே பந்தயத்தில் 1982இல் வேறொன்றும் நடந்தது. தெனேன் என்ற ஊரில் வேலை பறிபோவதை எதிர்த்து இரும்பாலைத் தொழிலாளர்கள் சாலையை மறித்ததால் அன்றைய கட்டமே ரத்தானது. இதை மிரட்டலாக எழுதவில்லை. மகன் சொன்னான், எழுதுகிறேன். 2015 செப்டம்பரில் போனஸுக்காக மூணாறு சாலையில் உட்கார்ந்த தேயிலைத் தோட்டப் பெண்கள் யார், எந்த மொழியில் கோஷம் போட்டார்கள் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் பெண்கள் இதுவரை சாலையில் உட்காரவில்லை. மனுத்தான் எழுதச் சொல்கிறார்கள், நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

6. மறுபடியும் மூன்றாவதற்கே வருகிறேன். கூலி போனதை மன்னித்துவிடுகிறோம், நேரம் போனதையும் மன்னித்துவிடுகிறோம். வேலைக்குக் கிளம்பிய பெண்ணை நடுவழியில் மறித்து, இருந்த ஒரு கதவையும் பூட்டி, மேலே காமிராவையும் பறக்கவிட்டதை எப்படி மன்னிப்பது? இதை அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களை ஐந்தரை மணி நேரம் அந்தச் சரிவில் நிறுத்திவிட்டுப் பிறகு சிரிக்கட்டும். வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நான்காவது முறை எழுதும்போது பணிவு கொஞ்சம் தேய்ந்துதான் போகிறது.

ஆகவே, ஐயா, இந்த ஆண்டுப் பந்தய நாளில் தொழிலாளர் ஜீப்புகள் எட்டரை மணி வரை போடிமெட்டு சாவடியைத் தடையின்றிக் கடக்க உத்தரவிட வேண்டும். வழக்கமான நாளில் எட்டு மணிக்குள் எல்லா வண்டியும் மேலே போய்விடும் என்பதால், பத்து மணிக்குப் பிறகு வரும் பந்தயத்துக்கு இதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. அலங்கார வளைவு நிறுத்துவதை முந்தின இரவே முடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பந்தயம் கடக்கும் நேர அட்டவணையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வாரம் முன்பே போடி, போடிமெட்டு, பூப்பாறை ஜீப் ஸ்டாண்டுகளில் ஒட்ட வேண்டும். அப்படியும் வண்டிகளை நிறுத்த நேர்ந்தால், நிறுத்தும் இடத்தில் பெண்களுக்கென்று கழிப்பறை திறந்திருக்க வேண்டும். மக்கள் காத்து நிற்கும் இடத்துக்கு மேல் ட்ரோன் பறக்கக் கூடாது. கடந்த ஆண்டு எடுத்த படங்களில் எங்கள் பெண்கள் இருந்தால் அவற்றை அழித்துவிட்டதாக ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் வாங்கித் தர வேண்டும். இவற்றில் எதுவுமே முடியாது என்றால், அந்தக் கழிப்பறைச் சாவியை மட்டுமாவது அன்று சாவடியில் இருக்கும் பெண் காவலர் கையில் கொடுத்துவைக்கச் செய்யுங்கள். வேறு எதைத் தள்ளிவைத்தாலும் இதைத் தள்ளிவைக்காதீர்கள்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அரசால் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. ஆகவே பதிலைத் தமிழிலேயே தர வேண்டுகிறோம். மலையாளத்தில் வந்தாலும் படித்துக்கொள்வோம். பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.

முந்தைய மூன்று மனுக்களின் நகல்களையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். இணைப்பில் உள்ள கையெழுத்துகள் ஓட்டுநர்களுடையவை, கைநாட்டுகள் பெரும்பாலும் பெண்களுடையவை. முன்சீட்டு அம்மா தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசித் தாளின் ஓரத்தில் பெயரில்லாமல் இருக்கும் கைநாட்டு அவருடையது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போடி – பூப்பாறை தடத்து ஜீப் ஓட்டுநர்களும் ஏலத்தோட்டப் பெண்களும்