கடைசி வருஷக் குத்தகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர், 800 கோடி வாய்களுக்குச் சோறு போட வேண்டிய உலகத்தில் ஜப்பான்காரர்கள் திமிங்கிலம் பிடிப்பதைக் குறை சொல்லக் கூடாது, எல்லாத் தொல்லைக்கும் மூலம் ஜனத்தொகைதான் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் நீலகிரியின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் அதுவே காரணம் என்று முடித்திருந்தார். திமிங்கிலத்தோடு விட்டிருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவள் நான். தண்ணீர் என் வீட்டு விஷயம்.

2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தோம். 2011-இல் 7,35,394 பேர். பத்து வருஷத்தில் 26,747 பேர் குறைந்துவிட்டோம். பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். என் மகனும் அப்படிப் போனவன்தான். ஆள் குறைந்த அதே காலத்தில்தான் எங்கள் ஊருக்கு மேலே இருந்த சதுப்பில் மண் கொட்டி நிரவினார்கள். அதன்மேல் தங்கும் விடுதி வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. நாலாவது கோடையில் எங்கள் ஊற்று நின்றுபோனது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கல்தொட்டிக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்து நிமிர்வதற்குள் நிரம்பி வழியும். இப்போது தொட்டியின் உள்பக்கம் காய்ந்த பாசி செதில் செதிலாக உரிகிறது. ஜனத்தொகை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்தச் சதுப்பை நிரவியது யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

திமிங்கிலத்துக்கு வருகிறேன். 1930-31 பருவத்தில் உலகத்தில் ஏறக்குறைய 200 கோடி பேர்தான், இன்றைக்கு இருப்பதில் கால்பங்கு. அந்த ஒரே பருவத்தில் தென்துருவக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். பட்டினி கிடந்த யாருக்கும் அது சோறாகவில்லை. பெரும்பாலும் எண்ணெய்க்காகத்தான். அந்த எண்ணெய் ஐரோப்பாவில் சோப்பாகவும் மார்கரினாகவும் விற்றது. இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்த தென்கடல் நீலத் திமிங்கிலங்கள் 1970-களில் சில நூறாகச் சுருங்கின. கூட்டம் கூட்டமாக மனிதர்கள் பெருகியதால் நடந்ததல்ல இது. சில நாடுகளின் சில கம்பெனிகள், சில பத்துத் தொழிற்சாலைக் கப்பல்கள் செய்த வேலை.

பசிக்குத் தின்றவர்களை நான் குறை சொல்லவில்லை. போருக்குப் பிறகு ஜப்பானில் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டில் திமிங்கில இறைச்சிதான் போட்டார்கள். அது உண்மையான பசி. ஆனால் இன்று அங்கே வருஷத்துக்கு விற்பது சுமார் 2,000 டன். 12 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20 கிராம்கூட வராது. திமிங்கிலம் நம் மீனைத் தின்றுவிடுகிறது என்றும் வாசகர் சொல்லியிருந்தார். தென்கடலின் பெரிய திமிங்கிலங்கள் தின்பது கிரில் என்ற, இறால் போன்ற சின்ன உயிரியை. திமிங்கிலம் அழிந்த பிறகு கிரில் பெருகியிருக்க வேண்டுமே, பெருகவில்லை. திமிங்கிலத்தின் சாணத்தில் உள்ள இரும்புச்சத்துதான் கடலுக்கு எரு என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். மாட்டை விற்றுவிட்டுத் தோட்டத்தில் இலை வரவில்லையே என்று நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இது எனக்குச் சட்டென்று புரிந்தது.

கனடாவின் கணித அறிஞர் காலின் கிளார்க் 1973-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நீலத் திமிங்கிலம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். கூட்டம் பெருகும் வேகம் வங்கி வட்டியைவிடக் குறைவு. அதனால் லாபம் மட்டும் பார்க்கிறவனுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பதைவிட மொத்தத்தையும் பிடித்து விற்றுப் பணத்தை வங்கியில் போடுவதுதான் ஆதாயம். பேத்தி இதைப் படித்துச் சொன்னபோது எனக்கு எங்கள் தோட்டத்துக் குத்தகை ஞாபகம் வந்தது.

என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையானபோது தோட்டத்தை ஐந்து வருஷக் குத்தகைக்கு விட்டோம். நாலு வருஷம் ஒழுங்காகத்தான் போனது. பத்து நாளைக்கு ஒரு சுற்று, இரண்டு இலை ஒரு கொழுந்து, நேரத்துக்கு உரம். ஐந்தாவது வருஷம் குத்தகைக்காரர் உரத்தை நிறுத்தினார். கத்தரி போட்டுக் கொழுந்து, கரட்டு இலை என்று பாராமல் வழித்து எடுத்தார். செடிக்குச் சாப்பாடு செய்து கொடுக்கும் முற்றிய இலையைக்கூட விடவில்லை. திரும்ப வாங்கியபோது செடியின் மேல்மட்டத்தை உள்ளங்கையால் தடவினேன். வெறும் குச்சி குத்தியது. அவர் கெட்ட மனிதர் அல்ல, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுவந்தவர். ஆறாவது வருஷம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டி, நகையை அடகு வைத்து உரம் போட்டு, பழைய இலை வர எனக்கு மூன்று வருஷம் ஆனது. அந்தச் சமயம் எங்கள் வீட்டில் தின்கிற வாய்கள் மூன்றே மூன்று.

நான் திமிங்கிலத்தை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் போயிருந்தோம். மணப்பாடு வரைக்கும் கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கிக் கிடந்தன. கறுப்பாக, நனைந்த ரப்பர் மாதிரித் தோல். மீனவர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று தள்ளினார்கள், படகில் கயிறு கட்டி இழுத்துப்போய் விட்டார்கள். "விட்டாலும் திரும்பக் கரைக்கே வருதும்மா" என்று ஒருவர் அழாத குறையாகச் சொன்னார். அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருந்திருக்கும். அன்றைய தொழிலை விட்டுவிட்டுத்தான் நின்றார்.

சட்டம் போட்டாலும் எப்படிப் போடுகிறோம் என்பது இருக்கிறது. 1946-இல் திமிங்கில வேட்டை ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள் தென்கடலுக்கு வருஷம் 16,000 'நீலத் திமிங்கில அலகு' என்று வரம்பு வைத்தன. ஒரு நீலத் திமிங்கிலம் பிடித்தாலும் இரண்டு துடுப்புத் திமிங்கிலம் பிடித்தாலும் ஓர் அலகு என்று கணக்கு. போருக்கு முன் பிடித்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்த எண் அது. கடலில் எந்த வகை எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பார்த்து வைத்ததல்ல. வரம்பு இருக்கும்போதே திமிங்கிலம் அழிந்தது. 1960-களில் நீலத் திமிங்கிலத்தையும் கூனல் திமிங்கிலத்தையும் பிடிக்கத் தடை போட்டு, பிறகு 1982-இல் முடிவெடுத்து 1986-இல் வணிக வேட்டை முழுவதையும் நிறுத்திய பிறகுதான் மூச்சு வந்தது. நார்வே ஏற்கவில்லை, ஐஸ்லாந்து 1992-இல் விலகிப்போய்ப் பிறகு அந்தத் தடையை ஏற்காமலே திரும்பி வந்தது, ஜப்பான் 2019-இல் வெளியேறியது. இருந்தும் தென் அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் 1950-களில் 450 அளவுக்கு இறங்கிய கூனல் திமிங்கிலங்கள் இன்று ஏறக்குறைய 25,000. இந்த இடைவெளியில் மனிதர்கள் ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகியிருக்கிறோம்.

அதனால்தான் மலைக்கு வரும் வண்டிகளுக்குக் கொடுக்கும் இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு பற்றிக் கவலைப்படுகிறேன். சீசனில் நீலகிரிக்கு நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று 2025-இல் உயர் நீதிமன்றம் வரம்பு வைத்ததை முழு மனதோடு வரவேற்கிறேன். அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன், அந்த எண்ணை விடுதி அறைகளின் எண்ணிக்கையை வைத்து உயர்த்திவிடாதீர்கள். ஊற்றுகளையும் சதுப்புகளையும் அளந்து முடிவு செய்யுங்கள். அளக்கும்போது எங்களையும் கூப்பிடுங்கள். அலாஸ்காவில் திமிங்கிலம் குறைந்துவிட்டது என்று 1977-இல் தடை வந்தபோது, பனிக்கட்டிக்கு அடியிலும் அவை போகும், நீங்கள் எண்ணியது தப்பு என்று அங்கத்திய வேட்டைக்காரர்கள்தான் சொன்னார்கள். கடலுக்குள் ஒலிக்கருவி இறக்கிப் பார்த்தபோது அவர்கள் சொன்னது சரியாக இருந்தது. எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். இப்போதும் மூன்று பேர்தான். குடிதண்ணீர் எங்கிருந்து என்றும் கேட்பார்கள். 2001-இல் ஊற்று என்று சொன்னோம். இந்த முறை லாரி என்று எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.