கடைசிப் பேச்சைக் கேட்க ஓர் ஆள்: திருகோணமலை மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்ட மருத்துவமனைகளை நடத்துகிற அதிகாரிகளுக்கும், இரவுக் கடமையில் நிற்கிற வைத்தியர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம். நான் கேட்க வந்தது மருந்தும் இல்லை, கட்டிலும் இல்லை. இனிப் பிழைக்கமாட்டார் என்று உங்களுக்கே தெரிந்துவிட்ட ஒருவரின் பக்கத்தில், அவருடைய பேச்சு விளங்கக்கூடிய ஒருவரை இருக்க விடுங்கள். இரவிலும் விடுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நம் ஊரின் பழைய ஆங்கிலேயர் சேமக்காலையில் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படை அதிகாரி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852இல் பர்மாப் போருக்குப் போன இடத்தில் வாந்திபேதி வந்து இறந்தவர். அந்தப் பக்கம் போகிற வெளிநாட்டுக்காரர் சிலர் அவரைத் தேடுவது, அவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி என்பதற்காக. ஜேன் 1817 யூலையில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் இறந்தார். ஏதாவது வேண்டுமா என்று அக்கா கசாண்ட்ரா கேட்டதற்கு, சாவைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றாராம். இது நமக்கு எப்படித் தெரியும்? கட்டிலை விட்டுச் சரிந்த தங்கையின் தலையை, மடியில் தலையணை வைத்து ஆறு மணித்தியாலம் தாங்கிக்கொண்டு இருந்தாள் அந்த அக்கா. இரண்டு நாளில் அதைக் கடிதமாகவும் எழுதினாள். அவள் இருந்தாள், அதனால் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அல்பேர்ட் ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரல் 18, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் நள்ளிரவு தாண்டி இறந்தார். இறக்குமுன் ஏதோ சொன்னார், ஜெர்மன் மொழியில். பக்கத்தில் நின்ற தாதிக்கு ஜெர்மன் தெரியாது. அதோடு சரி. அவர் வாயைத் திறந்தால் உலகமே காது கொடுத்த மனிதர். அவருக்கே இதுதான் கதி என்றால், எங்கள் மாமா எந்த மூலைக்கு?

மாமா கடல்தொழில் செய்தவர். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். பின்னேரம் பார்வையாளர் நேரம் முடிந்ததும் மகனை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அவன் வீட்டுக்குப் போகவில்லை. மதிலுக்கு வெளியே ஓட்டோவுக்குள் சுருண்டு படுத்திருந்தான். விடியப்புறம் மாமா பேசத் தொடங்கியிருக்கிறார். இரவு நின்ற தாதி நல்ல பிள்ளை. முகமூடியைத் தூக்கி, துணியை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டிருக்கிறாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவளுக்குத் தமிழ் தெரியாது. "ஹரி, சீயா, ஹரி ஹரி" (சரி தாத்தா, சரி சரி) என்று ஒவ்வொரு முறையும் சிங்களத்தில் பதில் சொல்லியிருக்கிறாள். காலையில் அரைகுறைத் தமிழ் பேசுகிற துப்புரவுத் தொழிலாளி ஒருவரைக் கூட்டிவந்து, இதை மகனிடம் தானாகவே சொன்னவளும் அவள்தான். சொல்லும்போது அழுதாளாம்.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தான் சொன்னதை ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று நம்பித்தான் அந்த மனிதர் கண்ணை மூடியிருப்பார். இங்கே ஒருவரிடமும் அந்தச் செய்தி இல்லை. மகளின் நகை அடகில் கிடப்பதைத்தான் சொல்லியிருப்பார் என்கிறார் மாமி. எஞ்சின் வாங்கிய கடன் என்கிறான் மகன். பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைக் கூப்பிட்டிருப்பார் என்று வேறு சிலர். 31ஆம் நாள் கன்னியாவில் அந்தியேட்டி முடித்துவிட்டு வெந்நீர்க் கிணற்றடியில் நின்றபோதும் இதே பேச்சுத்தான்.

கடைசிச் சொல் என்றால் தத்துவம் பேசவேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. நினைவு மலர் அச்சடிக்கும்போது எல்லாரும் தேவாரம் சொல்லிக்கொண்டே போனதாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் நா வறண்டிருக்கும், மூச்சு வாங்கும், புத்தி முன்னுக்குப் பின் ஓடும். தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சே இல்லை. அதைத் தெரிந்துதான் பெரியாழ்வார் "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்" என்று முற்பணம் கட்டி வைத்தார். கெட்டிக்காரர். மற்றவர்கள் சின்ன விஷயங்களைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தத்துவத்துக்கே பேர்போன சோக்கிரட்டீஸ், கி.மு. 399இல் நஞ்சு உடம்பில் ஏறிக்கொண்டிருந்தபோது, அஸ்கிளேப்பியஸ் தெய்வத்துக்கு ஒரு சேவல் கொடுக்கவேண்டும், மறந்துவிடாதே என்று நண்பன் கிரிட்டோவிடம் சொன்னாராம். அதை எழுதிவைத்த பிளேட்டோ அன்று சுகமில்லாமல் அங்கே போகவில்லை. ஆனால் கூட இருந்து கேட்ட நண்பர்கள் பலர். சேவல் கடனை ஒப்படைக்க அந்த மனிதருக்கு ஒரு கிரிட்டோ இருந்தான்.

இன்னொன்று. கிண்ணியா, மூதூரிலிருந்து வருகிற முஸ்லிம் குடும்பங்களுக்கு, கடைசி மூச்சு போகுமுன் பக்கத்தில் இருந்து கலிமா சொல்லிக்கொடுப்பது வழக்கம். சைவர்கள் திருநீறு பூசி, பால் பருக்கி, காதருகே தேவாரம் படிப்பார்கள். கத்தோலிக்கருக்கு சுவாமி வந்து எண்ணெய் பூசவேண்டும். இவை எதுவும் பகல் 12 மணிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கும் மட்டும் நடக்கிற காரியங்கள் இல்லை. பேச்சு நின்ற பிறகும் இதற்குப் பயன் இருக்கலாம்: சாகும் தறுவாயில் அசைவில்லாமல் கிடந்த சிலரின் மூளை ஒலிக்குப் பதில் காட்டியதை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்டார்கள். விளங்கியதா என்பது வேறு கேள்வி.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாட்டில் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி இல்லை. ஒருவரை விட்டால் ஒன்பது பேர் வருவார்கள், சாப்பாட்டுப் பாத்திரத்தோடும் சண்டையோடும் வருவார்கள். நாங்கள் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆண்கள் வாட்டில் இரவு பெண்ணை விட முடியாது என்பீர்கள். ஆண் துணை இல்லாத வீட்டில் மனைவி எங்கே போவது? ஒரு திரைச்சீலை போட்டு, ஒரு பிளாஸ்ரிக் கதிரை வைத்தால் போதும். தமிழ் தெரிந்த தாதியரைப் போடலாமே என்றால், இடமாற்றம் உங்கள் கையில் இல்லை, அது கொழும்பில் நடக்கிறது என்பீர்கள். சரி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது, வாசலில் பலகையும் மூன்று மொழியில் இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே வந்து நிற்க அந்தப் பலகைக்கு முடியாது. சேருவிலவிலிருந்து வந்த ஒரு சிங்கள ஆச்சி தமிழ்த் தாதியிடம் கடைசியாக எதையோ சொல்லித் தவித்தாலும் இதே கதைதான்.

ஆகவே செய்யக்கூடியதைக் கேட்கிறேன். நிலைமை கைமீறிவிட்டது என்றால் குடும்பத்துக்கு நேரே சொல்லுங்கள். நோயாளி பயந்துவிடுவார், சொல்லவேண்டாம் என்று மறைக்கிற பழக்கத்தைக் கைவிட எங்களையும் பழக்குங்கள். நோயாளியின் விவரம் எழுதுகிற கட்டில் ரிக்கற்றோடு ஒரு இரவுப் பாஸ் கொடுங்கள், ஒரே ஒருவருக்கு. வர முடியாதவர் என்றால் அவருடைய தொலைபேசி எண்ணைக் கட்டிலில் ஒட்டிவையுங்கள்; நோயாளி பேசத் தொடங்கினால் எந்த நேரம் என்றாலும் அழையுங்கள், போனை அவர் காதில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால், கையில் இருக்கிற போனில் ஒலிப்பதிவை அழுத்துங்கள். அந்த ஒரு நிமிஷத்தைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு அழித்துவிடலாம்.

ஆள் வேண்டும் என்றாலும் கேளுங்கள். இரண்டு மொழியும் நன்றாகப் பேசுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால்காரர்கள், வங்கி ஊழியர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரவில் நித்திரையும் இல்லை. வாட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்து, அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதித் தர எனக்குத் தெரிந்த சிலரே தயார். முதல் பெயராக என்னுடையதைப் போட்டுக்கொள்ளலாம். பட்டியலை யாரிடம் கொண்டுவந்து தருவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உவர்மலைவாசி ஒருவன்