நாற்காலி வாங்கும் முன் மேசையை அளந்து பார்

அன்புள்ள மாலு,

வீடியோவில் பேசும்போதெல்லாம் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாய். கேட்டால் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியில் நாற்காலி வாங்கப் போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. எனக்கென்னவோ மேசை மேல்தான் சந்தேகம்.

கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 73, 75 சென்டிமீட்டர் உயரம். நம் வீட்டுப் பெண்கள் யாரும் ஐந்தடியைத் தாண்டியதில்லை. அந்த உயரத்தில் கை வைத்தால் தோள் தானாக மேலே ஏறும். நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வைத்திருந்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? ஷென்டன் வே ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது எங்கள் மேசை மற்றவர்களின் எழுத்து மேசையைவிடத் தாழ்வாக இருக்கும். டைப்ரைட்டர் விசைகள் உயரத்தில் இருப்பதால் அப்படி. கம்ப்யூட்டர் வந்தது, எல்லாருக்கும் ஒரே மேசை என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு இன்னும் அதில் கோபம்தான்.

உன் மேசைக் காலை வெட்ட முடியாது. அதனால் நாற்காலியை உயர்த்து. தோள் தளர்ந்திருக்க, முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும். இப்போது கால் தரையில் எட்டாது. உடனே எல்லாரும் நாற்காலியை மறுபடி இறக்கிவிடுவார்கள். நீ இறக்காதே, காலுக்கடியில் பலகை போடு. கால் தொங்கினால் இருக்கை விளிம்பு தொடையை அழுத்தி மரத்துப்போகும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும்.

அப்புறம் அந்த லேப்டாப். திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொள். லேப்டாப்பை உயர்த்தி வைத்துத் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்கு, அல்லது சற்றுக் கீழே, கொண்டுவா. கை நீட்டும் தூரம் போதும். அப்பா மாதிரி, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாக இருக்கும் புரோக்ரசிவ் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் தாழ்த்த வேண்டும். உனக்கு அதற்குக் காலம் இருக்கிறது.

சன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். பொங்கோல் வீட்டில் அந்த அறைக்கு மேற்கு வெயில், முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் மாலையில் திரையில் வெயில்தான் தெரியும். ஏர்கான் காற்றும் நேரே கண்ணில் படவேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நட. பெரிய தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைக்காதே, சின்ன டம்ளர் போதும், அதை நிரப்பவாவது எழுவாய்.

கம்பெனியில் ஏதாவது தருவார்களா என்றும் கேள். அலுவலகத்தில் மேசை, நாற்காலி, திரை எல்லாம் உடம்புக்கு ஏற்றபடி அமைவதற்கென்றே சிங்கப்பூரில் எஸ்எஸ் 514 என்று ஒரு தர விதிமுறை இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லியே கேள். விரல் அடிக்கடி மரத்துப்போனால், தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு, அதுதான் பாலிகிளினிக்குக்கு, போ.

நாற்காலியை உயர்த்தியதும் பாதத்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பா பலகை செய்யக் காத்திருக்கிறார். சனிக்கிழமை மீன்குழம்போடு அதையும் கொண்டுவருகிறோம்.

அம்மா