டர்பன் கோயில் நிர்வாகிகளுக்கும் தமிழ்ச் சங்கத்தாருக்கும்: ஒரு பர்சரியை நாடாப்புழு ஆய்வுக்கு ஒதுக்குங்கள்

அன்புள்ள பெரியவர்களுக்கு, வணக்கம்.

வருஷாவருஷம் நம் பிள்ளைகளின் மேல்படிப்புக்குப் பர்சரி, அதாவது படிப்பு உதவித்தொகை, கொடுக்கிறீர்கள். பெரும்பாலும் மருத்துவம், கணக்கியல், கம்ப்யூட்டர் என்று போகிறது, நல்லதுதான். அதில் ஒன்றே ஒன்றை, பன்றிக்கறி வழியாக மனிதருக்கு வரும் நாடாப்புழுவின் நொதிகளை (உடம்பின் வேதிவேலைகளை நடத்தும் புரதங்களை) ஆராய முன்வரும் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

"நம் வீட்டில் பன்றிக்கறியே கிடையாதே, நமக்கு எதுக்கு இது?" என்பீர்கள். பன்றிக்கறி வழியாக வருவது குடலில் வளரும் புழு. மூளையில் கட்டியாக உட்கார்ந்து வலிப்பைக் கொண்டுவருவது அந்தப் புழுவின் முட்டை. அது மனித மலத்திலிருந்து கழுவாத கை, தண்ணீர், கீரை வழியாக வருகிறது. புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாதவர் வயிற்றுக்குள்ளும் போகும். நியூயார்க்கில் பன்றியைத் தொடவே தொடாத யூத சமூகத்தில் நான்கு பேருக்கு இந்த வலிப்பு வந்தது 1992-ல் மருத்துவ இதழில் வெளியானது. வீட்டு வேலைக்கு வந்தவர்களிடமிருந்து முட்டை பரவியிருக்கலாம் என்று கண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புழு இருப்பது பெரும்பாலும் அதைச் சுமப்பவருக்கே தெரியாது. தென்னாப்பிரிக்காவில் ஈஸ்டர்ன் கேப்பும் நம் குவாசுலு-நடாலும் இந்த நோய் வேரூன்றிய மாகாணங்கள். இப்படிப்பட்ட இடங்களில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருந்தும் நம்மில் பல வீடுகள் வலிப்பை வெளியே சொல்லாமல் மறைக்கின்றன, கல்யாணப் பேச்சு வரும்போது இன்னும் அதிகமாக.

சரி, நொதிக்கு வருகிறேன். நாடாப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. உணவை மேல்தோலாலேயே உறிஞ்சுகிறது. அது வாழும் இடமோ நம் சிறுகுடல். கணையத்திலிருந்து, புரதத்தை வெட்டிச் செரிக்கும் நொதிகளான ட்ரிப்சினும் கைமோட்ரிப்சினும் அங்கேதான் வந்து விழுகின்றன. நாம் தின்ற ஆட்டுக்கறியும் பருப்பும் அங்கே கரைந்து போகின்றன. பக்கத்திலேயே கிடக்கும் புழுவும் புரதத்தால் ஆனதுதான். ஆனால் அது மட்டும் கரையாமல் சில மீட்டர் நீளத்துக்கு வளர்கிறது.

எலியின் நாடாப்புழுவை ட்ரிப்சின் கரைசலில் உயிரோடு விட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் பாப்பஸும் ரீடும், அந்த நொதி வேலை செய்யாமல் போவதை 1972-ல் எழுதினார்கள். அப்புறம், நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் புழுவில் இப்படி நொதிகளைச் செயலிழக்க வைக்கும் குனிட்ஸ் வகைத் தடுப்பான் புரதங்கள் ஒரு குடும்பமாகவே கண்டுபிடிக்கப்பட்டன. இந்த வகையில் முதலில் தெரியவந்தது மாட்டின் கணையத்தில் இருப்பது. வெறும் 58 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். ட்ரிப்சினின் வெட்டும் பள்ளத்துக்குள் போய் அப்படியே உட்கார்ந்துவிடும், நொதியால் அதை எளிதில் அறுக்கவும் முடியாது. நம் உடம்பிலும் இருக்கும் இப்படிப்பட்ட ஏற்பாட்டைப் புழுவும் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறது.

தடுப்பதோடு நிற்பதில்லை, வெட்டவும் செய்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் கரு, தான் சுரக்கும் புரதம் வெட்டும் நொதிகளின் துணையோடு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறுகிறது. கட்டியாக உட்கார்ந்தபின் அது சுரக்கும், புரதம் வெட்டும் சிஸ்டீன் வகை நொதிகள், நம் எதிர்ப்பொருள்களையே துண்டாக்க வல்லவை.

பில்ஹார்சியா என்ற, தண்ணீர் வழியாகத் தொற்றும் புழு நோய்க்குக் கொடுக்கும் பிராசிகுவான்டெலை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நாடாப்புழுவுக்கும் அதே மாத்திரைதான். அது புழுவின் தோலைச் சிதைக்கிறது. காப்பு போனபின் நம் செரிமான நொதிகளே புழுவைக் கரைக்கின்றன. அதனால்தான் பல சமயம் புழு முழுசாக வெளியே வருவதில்லை. ஆனால் இந்த மருந்து ரத்தத்திலும் கலக்கும். மூளையில் யாரும் அறியாத கட்டி இருந்தால் அதைக் கிளறி வலிப்பைத் தூண்டிவிடலாம். நிக்ளோசமைடு என்ற இன்னொரு புழு மருந்து ரத்தத்தில் அவ்வளவாகக் கலக்காது, உண்மைதான். ஒரே ஒரு மாற்று மட்டும் இருந்தால் போதுமா? புழுவின் தடுப்பானை மட்டும் குடலுக்குள் செயலிழக்க வைத்தால், மீதி வேலையை நம் ட்ரிப்சினே பார்த்துக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. இன்னும் மருந்தாகாத யோசனைதான். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் இந்த மாகாணத்துப் பிள்ளையாக இருக்கட்டும். நோய் இங்கே, நோயாளி இங்கே, பல்கலைக்கழகமும் இங்கே. உயிர்வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று வீட்டில் கேட்டதால் வேறு துறைக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடையே நிறையவே உண்டு. முதுகலைக்கு இரண்டு வருஷக் கட்டணத்தைக் கோயில் ஏற்றுக்கொண்டால் அந்தக் கேள்வியின் வேகம் பாதியாகக் குறையும்.

அடுத்த கல்வியாண்டின் விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகும் முன், துறைகளின் வரிசையில் ஒட்டுண்ணியியலையும் சேர்த்துவிடுங்கள். தேர்வுக் குழுவில் இந்தத் துறை தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். பிள்ளை எந்த மொழிக்காரர், எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று பார்க்காதீர்கள். சுலு பேசும் பிள்ளை வந்தாலும் கொடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, சாட்ஸ்வொர்த்