துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோரும் ஒரே கட்சி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் அமெரிக்கத் துப்பாக்கிக் கலாச்சாரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும், துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் என்.ஆர்.ஏ. என்கிற தேசிய ரைஃபிள் சங்கத்தின் பின்னால் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தது மனதை உறுத்தியது. நான் ஹூஸ்டனில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். என்னிடமும் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன, மாதம் ஒரு சனிக்கிழமையாவது ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, போய்ச் சுடுகிறவன். அங்கே இந்தப் பேச்சு வந்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், சில நேரம் குரல்கூட உயரும்.

கடைக்குப் போனால் மெஷின் கன் வாங்கிவிடலாம் என்பதுபோலவும் ஒரு வரி வருகிறது. அது சரியில்லை. கடையில் தொங்கும் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கியில் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டாதான். அழுத்திப் பிடித்தால் நிற்காமல் சுடுவதுதான் மெஷின் கன். சிகாகோவில் 1929-ல் ஏழு பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்களே, அந்தத் தாதா காலத்துக்குப் பிறகு 1934-லேயே இதற்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள்: அரசிடம் பதிவு, கூடவே 200 டாலர் வரி. அன்றைக்கு ஒரு தாம்சன் மெஷின் கன்னின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்புறம் 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில், அந்த வருடம் மே 19-க்குப் பிறகு பதிவாகும் எந்த மெஷின் கன்னையும் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்று சேர்த்தார்கள். அதனால் பழைய சரக்குதான் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பதிவுள்ள ஒரு எம்-16, ராணுவம் பயன்படுத்திய மெஷின் கன் வகை, இன்றைக்கு முப்பதாயிரம் டாலரைத் தாண்டுகிறது.

துப்பாக்கிக்காரர்களுக்குள் சண்டையே இந்த 1986-ல்தான் ஆரம்பிக்கிறது. அந்த மசோதா துப்பாக்கிக்காரர்களுக்குச் சாதகமாகக் கொண்டுவரப்பட்டது. வெளிமாநிலத்துக்குத் துப்பாக்கியோடு பயணம் போவதற்குப் பாதுகாப்பு, மத்திய அரசு பொதுவான பதிவேடு வைக்கத் தடை என்று பல நல்ல அம்சங்கள் அதில் இருந்தன. கடைசி நேரத்தில் நியூஜெர்சி நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹியூஸ் மெஷின் கன் தடையைத் திருத்தமாக நுழைத்தார். குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியதாக அப்போது அவையை நடத்தியவர் அறிவித்தது செல்லுமா என்று இன்னமும் விவாதிக்கிறார்கள். மற்றதெல்லாம் கிடைக்கிறதே என்று என்.ஆர்.ஏ. மசோதாவை ஆதரித்தது. 'எங்களை விற்றுவிட்டார்கள்' என்று ரேஞ்சில் ஒரு கூட்டம் இன்றைக்கும் சொல்கிறது. அவர்களில் பலர் சமரசமே கூடாது என்கிற கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா பக்கம் போய்விட்டார்கள். கட்டுரையில் அந்த அமைப்பின் பெயர்கூட வரவில்லை.

ரேஞ்சில் எண்பதைத் தொடும் பெரியவர் ஒருவர் வருவார். எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கிய எம்-16 அவரிடம் இருக்கிறது, பதிவுப் பத்திரத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார். ஒரு நாள் என்னைச் சுடச் சொன்னார். முதுகில் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டு, 'முன்னால் சாய்ந்து நில்' என்றார். முப்பது தோட்டாவும் இரண்டு, இரண்டரை விநாடியில் காலி. குழல் தானாக மேலே ஏறுகிறது, எட்டாவதோ பத்தாவதோ தோட்டாவுக்குப் பிறகு குறி எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. தெறித்த தோட்டா உறை ஒன்று காலருக்குள் விழுந்து சுட்ட தழும்பு ஒரு மாதம் இருந்தது. 1986 தடை போனால் உங்கள் துப்பாக்கியின் விலை சரிந்துவிடுமே என்று கேட்டேன். 'சரியட்டும், உரிமை என்றால் எல்லோருக்கும் இருக்க வேண்டும்' என்றார். பக்கத்து மேசைக்காரரிடமும் பதிவுள்ளது ஒன்று உண்டு. அவர் பேசாமல் மேகசினில் தோட்டா போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர் மேல் எனக்கு நிறைய மரியாதை. ஆனாலும் அந்தத் தடை இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அந்த இரண்டு விநாடி என் கையில் இருந்ததால் சொல்கிறேன்.

2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் ஓட்டல் ஜன்னலிலிருந்து ஒருவன் இசை விழாக் கூட்டத்தைச் சுட்டான். காயத்தால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் இறந்துபோனார்கள். அவன் பயன்படுத்தியது பம்ப் ஸ்டாக். துப்பாக்கியின் உதைப்பை வைத்தே விசை மறுபடி மறுபடி விரலில் மோதும்படி செய்கிற கருவி. அப்போது என்.ஆர்.ஏ. கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று சொன்னது உண்மை. ஆனால் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும் என்று கேட்கவில்லை, துப்பாக்கி விதிகளைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். அமைப்பு விதியை மறுபரிசீலனை செய்யட்டும் என்றது. அப்படியே பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்யும் விதியும் வந்தது. டெக்ஸஸ் கடைக்காரர் மைக்கேல் கார்கில் வழக்குப் போட்டார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. சட்டத்தில் உள்ள வரையறைக்குள் இந்தக் கருவி வராது என்பதுதான் காரணம். சட்டத்தையே திருத்தியிருந்தால் இந்தக் காரணத்துக்கு இடமே இருந்திருக்காது. அறுபது குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, கோபம்தான் வருகிறது.

துப்பாக்கிக்காரர்கள் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்றும் கட்டுரை சொல்கிறது. கைத்துப்பாக்கியின் பின்பக்கம் மாட்டினால் அதை மெஷின் கன்னாக்கும் 'ஸ்விட்ச்' என்ற காசு அளவுத் துண்டு இப்போது தெருக்களில் புழங்குகிறது. மத்தியச் சட்டத்தில் அது ஏற்கெனவே குற்றம். அலபாமா, வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிற மாநிலம், 2025-ல் மாநில அளவிலும் அதைத் தடை செய்தது. அங்கே ஓட்டுப் போட்டவர்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இல்லையா?

சங்கங்களைப் பற்றி ஒன்று. என்.ஆர்.ஏ.வை முப்பது வருடத்துக்கு மேல் நடத்திய வெய்ன் லாபியேர், சங்கத்தின் பணத்தைத் தன் சொகுசுக்குச் செலவு செய்தார் என்று 2024 பிப்ரவரியில் நியூயார்க் ஜூரி தீர்ப்பளித்தது. 43 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அது சாதாரண உறுப்பினர்கள் கட்டிய சந்தா. நானும் ஒரு சங்கத்துக்கு ஐந்து வருடம் சந்தா கட்டினேன், எது என்று இங்கே வேண்டாம். உன் கருத்து என்ன என்று கேட்டு ஒரு கடிதம் வந்ததில்லை. துப்பாக்கியைப் பறிக்கப் போகிறார்கள், உடனே பணம் அனுப்பு என்று மட்டும் மாதம் இரண்டு வரும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, உங்கள் கட்டுரையாளர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நாலு பேரிடம் பேசிவிட்டு எழுதட்டும். நான் பேசத் தயார், பெரியவரும் பேசுவார்.

இப்படிக்கு,
ஹூஸ்டன் வாசகர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)