ஸ்பார்ட்டாவில் ஒன்றுமே இல்லையா?

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். ஏதென்ஸில் மட்டும் நூற்றுக்கு மேல் எடுத்திருக்கிறாய். ஸ்பார்ட்டாவில் நான்கே நான்கு, அதிலும் ஒன்று நீ சாப்பிட்ட தட்டு. "பஸ்ஸில் அவ்வளவு தூரம் போனது வீண் அம்மா, ஆலிவ் மரமும் ஒரு சிலையும்தான், வேறு ஒன்றுமே இல்லை" என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை 2400 வருஷத்துக்கு முன்னாலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிவைத்துவிட்டார். ஸ்பார்ட்டா பாழாகிக் கோயில்களும் அடித்தளங்களும் மட்டும் மிஞ்சினால், இந்த ஊருக்கா அத்தனை பலம் இருந்தது என்று பின்னால் வருகிறவர்கள் நம்பமாட்டார்களாம். ஏதென்ஸுக்கு அதே கதி வந்தால், இருந்ததைப் போல் இரண்டு மடங்கு பலம் என்று எண்ணிக்கொள்வார்களாம். இத்தனைக்கும் அவர் ஏதென்ஸ்காரர். நீ இரண்டு ஊரிலும் அவர் சொன்னபடியே ஏமாந்திருக்கிறாய்!

நீ ஏதென்ஸில் இத்தனை கோணத்தில் படம் பிடித்த பார்த்தினான் கோயிலைக் கி.மு. 447இல் கட்டத் தொடங்கினார்கள். பாரசீகரை எதிர்க்க என்று பல தீவுகளும் நகரங்களும் சேர்ந்து போட்ட பொதுப்பணம் டெலோஸ் தீவில் இருந்தது. 454இல் அதை ஏதென்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊரார் பணத்தில் நம் ஊருக்கு நகை பூட்டுகிறாரே என்று அப்போதைய ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளிஸை அவர் ஊர்க்காரர்களிலேயே சிலர் ஏசினார்கள். சண்டைக்குப் போட்ட பணத்தில் பளிங்குக் கோயில் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்பேன், உனக்கும் சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு ஊரில் எதில் பிறக்க ஆசை? பையன்கள் சண்டை என்றாலே ஸ்பார்ட்டாவுக்குக் கை தூக்குவார்கள். பெண் பிள்ளைகள் மொத்தமாக ஏதென்ஸ். அப்புறம்தான் சொல்லுவேன். ஏதென்ஸில் வசதியான வீட்டுப் பெண் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். 14, 15 வயதில் கல்யாணம். சொத்தைத் தன் இஷ்டப்படி விற்க முடியாது. ஸ்பார்ட்டாப் பெண்கள் ஓடினார்கள், மல்யுத்தம் பழகினார்கள், நிலம் வைத்திருந்தார்கள். நாட்டு நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் குறையாகவே எழுதினார். இதைச் சொன்னதும் தூக்கிய கைகள் இறங்கும். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அடிமை வீட்டில் பிறந்தால்?" என்று கேட்டாள். என் சர்வீஸில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

ஸ்பார்ட்டாவில் அப்படிப் பிறந்தவர்களுக்கு ஹெலட் என்று பெயர். உழுது விளைச்சலைக் கொடுப்பது அவர்கள் வேலை. ஸ்பார்ட்டாக்காரன் வாழ்நாள் முழுக்கப் போர்ப்பயிற்சி செய்ய முடிந்தது இவர்கள் உழைப்பில். இவர்களை அடக்கிவைக்கத்தான் அவனுக்கு அந்தப் பயிற்சியே தேவைப்பட்டது. வருஷா வருஷம் பதவியேற்கும் எஃபோர்கள் என்ற ஐந்து உயர் அதிகாரிகள் முதல் காரியமாக ஹெலட்டுகள் மேல் போர் அறிவிப்பார்களாம், கொன்றால் பாவம் சேராமல் இருக்க. ஒரு தடவை, போரில் நன்றாக உழைத்தவர்களுக்கு விடுதலை என்று அறிவித்து, சுமார் 2000 பேரைத் தேர்ந்தெடுத்து, மாலை சூட்டிக் கோயில் கோயிலாகச் சுற்றவிட்டார்கள். பிறகு அவர்கள் யாரையும் காணோம். எப்படிச் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்கிறார் துசிடிடிஸ்.

ஏதென்ஸை மட்டும் விட்டுவிடுவேனா? உன் கப்பல் டாக்கில் நிற்கும் ஏதென்ஸ் துறைமுகம் பிரேயஸிலிருந்து சலாமிஸ் தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தானே. கி.மு. 480இல் பாரசீகக் கப்பல்களை அங்கேதான் முறியடித்தார்கள். ஒரு கப்பலுக்கு 170 துடுப்பு, மூன்று அடுக்கு. துடுப்புப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் நிலபுலன் இல்லாத ஏழைக் குடிமக்கள். அடித்தட்டில் வெளிச்சம்கூடப் படாமல் உட்கார்ந்து இழுத்தவர்கள். எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிற உனக்கு அந்தச் சூடு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஊரைக் காப்பாற்றியது நாங்கள் என்று ஆன பிறகு அவர்கள் குரலை யாரும் தள்ள முடியவில்லை. பணக்காரன் கேடயத்தில் நின்ற ஊரில் பணக்காரன் பேச்சு எடுபடும், ஏழையின் துடுப்பில் நின்ற ஊரில் ஏழையின் பேச்சு எடுபடும். ஏதென்ஸின் மக்களாட்சியில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆனால் அந்தக் கப்பல்களைக் கட்டிய வெள்ளி லாரியம் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கத்தில் தோண்டியவர்கள் அடிமைகள். கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு அன்றைக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது.

சரி, அம்மாவாகப் பார்த்தால்? ஸ்பார்ட்டாவில் ஏழு வயதில் பையனைக் கொண்டுபோய்விடுவார்கள். 30 வயது வரை படைக்கூடத்தில்தான் படுக்கை. யூரோட்டாஸ் ஆற்று நாணலைக் கத்தியில்லாமல் கையால் ஒடித்து அவனே பாய் செய்துகொள்ள வேண்டும். உன்னைப் பதினொன்றாம் வகுப்பில் ஹாஸ்டலில் விட்டதற்கே நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏதென்ஸில் பழைய சட்டமியற்றியவர் சோலன் போட்ட சட்டம் வேறு மாதிரி. மகனுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுக்காத அப்பன், வயதான காலத்தில் அவனிடம் சோறு கேட்க முடியாது. உன் கப்பல் படிப்புக்கு வாங்கிய கடனை அப்பா போன வருஷம்தான் அடைத்தார். ஆகவே எங்களுக்குக் கேட்க உரிமை உண்டு, ஞாபகம் வைத்துக்கொள்.

கி.மு. 371இல் லியூக்ட்ரா என்ற இடத்தில் நடந்த போரில், இன்னொரு கிரேக்க நகரமான தீப்ஸ்காரர்களிடம் ஸ்பார்ட்டா தோற்றது. களத்தில் இருந்த 700 ஸ்பார்ட்டாக் குடிமக்களில் 400 பேர் செத்தார்கள். ஊரில் திருவிழாவின் கடைசி நாள். சேதி வந்தும் எஃபோர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. செத்தவர்களின் பெயரை வீட்டாருக்குச் சொல்லி, பெண்கள் சத்தம் போட்டு அழக்கூடாது என்றார்கள். மறுநாள், மகனைப் பறிகொடுத்தவர்கள் முகம் மலர்ந்து தெருவில் நடந்தார்களாம். மகன் உயிரோடு இருப்பதாகச் சேதி வந்த வீட்டார்தான் தலைகுனிந்து போனார்களாம். இதை எழுதிவைத்த கிரேக்க எழுத்தாளர் செனபோன் இதைப் புகழ்ந்தாரா, வெறுமனே சொன்னாரா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தலைகுனிந்த தாய்மாரைத்தான் நினைப்பேன். வெளியே அப்படி நடந்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் என்ன செய்திருப்பார்கள், ராசா?

பிரேயஸில் கடலோரமாக நடந்தால் பழைய மதிலின் அடிவரிசைக் கல் இன்னும் தெரியும். கி.மு. 404இல் ஏதென்ஸோடு நடந்த போரில் ஸ்பார்ட்டா ஜெயித்ததும் அங்கே இருந்த மதிலைக் குழல் ஊதிக்கொண்டே இடித்தார்கள். இப்போது இருப்பது அதற்கப்புறம் ஏதென்ஸ் தளபதி கோனான் திரும்பக் கட்டியது. லீவு கிடைத்தால் போய் அந்தக் கல்லை ஒரு படம் எடுத்து அனுப்பு. நீயும் அதில் நில், முகம் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
அம்மா